மூலையில் மூன்று

கம்பியை அழுத்திக் கொக்கியில் மாட்டினேன்.
கறுக் என்றது.
அப்பளம் நொறுங்குவதில் பாதி
பல் பிடுங்குவதில் பாதி.
இப்படிச் சத்தம் வருமென்று
அட்டைப் பெட்டியில் எழுதியிருக்கவில்லை.
மூச்சைப் பிடித்துக்கொண்டு
மிச்சத்தையும் மாட்டி
சுவிட்சைப் போட்டேன்.

விசிறி சுற்றிற்று.
திரை இருட்டு.

பதினெட்டு மாதச் சீட்டு அது.
தள்ளி எடுத்ததில் இரண்டாயிரம் நட்டம்.
வண்ணார்பேட்டையில் வாங்கி
டவுன் பஸ்ஸில் மடிமேல் வைத்து
ஈரடுக்குப் பாலத்தின் ஒவ்வொரு இணைப்பிலும்
வண்டி குதிக்கக் குதிக்க
தூக்கிப் பிடித்தபடியே கொண்டுவந்த பிராசசர்.

திரும்பக் கழற்றினேன்.
சாம்பல் நிறப் பசையைத் துடைத்து
கவிழ்த்துப் போட்டு
பிலிம் காலத்து உருப்பெருக்கிக் கண்ணாடியை
அதன்மேல் வைத்துப் பார்த்தால்

தங்கப் பொட்டு ஒவ்வொன்றிலும் ஒரு கீறல்.
வாங்கும்போது இல்லை.
சத்தியமாக இல்லை.
எறும்பு நகம் வைத்த அளவு,
எல்லாம் ஒரே சாய்வில்.
மூலையில் மூன்று மட்டும் கொஞ்சம் நீளம்.

ஆயிரத்து எழுநூறு பொட்டு இருக்கிறதாம்.
எண்ணத் தொடங்கினேன்.
எழுபத்திரண்டில்
வாகையடி முக்கில் பஸ் ஒன்று திரும்பி
ஆரன் அடித்தது.
மறுபடி ஒன்று, இரண்டு.

கடை உச்சிமாகாளிக்குப் போன் போட்டேன்.
வாயில் சோறு.
'கழத்திப் பாக்கச் சொன்னது யாரு தாயி?'
கீறியிருக்கு அண்ணே.
'அது எல்லாத்துக்கும் இருக்கும்.
ரேமை ரப்பர் வச்சுத் தேச்சுப் போட்டுப் பாரு.
வைக்கேன்.'

எல்லாத்துக்கும் இருக்கும்.
ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில்
என் அடிவயிற்றைப் பார்த்து
நர்ஸும் இதையேதான் சொன்னாள்,
பையன் பிறந்த ஒன்பதாம் நாள்.
சொன்னவள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.
கோடு என்னோடு வீட்டுக்கு வந்தது.

தடம் அழிப்பதுதான் எனக்குப் பிழைப்பு.
கல்யாண ஆல்பம்.
பரு, அம்மைத் தழும்பு,
மாப்பிள்ளை நெற்றியில் ஹெல்மெட் கோடு,
கண்ணாடி கழற்றிய மூக்கில்
இரண்டு பக்கமும் சின்னப் பள்ளம்.
முகத்துக்கு மூன்று ரூபாய்.
பக்கத்துத் தோலைக் கொஞ்சம் எடுத்து
மேலே வைத்துப் பூசினால்
ஒன்றுமே நடக்காத முகம் வந்துவிடும்.

இதற்குப் பக்கத்துத் தோல் இல்லை.
பக்கத்தில் இருப்பதும் கீறியதுதான்.

பையனின் பென்சில் டப்பாவைத் திறந்தேன்.
ஓரத்தைக் கடித்து வைத்திருந்த ரப்பர்.
ரேமின் மஞ்சள் பல்லை
முன்னும் பின்னும் தேய்த்து, தூளை ஊதி,
எல்லாவற்றையும் பழையபடி பூட்டினேன்.
இந்தமுறை கறுக் என்றபோது
கண்ணை மூடிக்கொண்டேன்.
அதே முள் அதே பொட்டில்
இரண்டாம் தடவை இறங்கும் சத்தம்.

ஒரு பீப்.
அப்புறம் வெளிச்சம்.

சும்மா இருக்க முடியவில்லை.
வீரவநல்லூர்ப் பெண்ணின் கோப்பைத் திறந்தேன்.
பழைய மெஷினில் டீ போட்டுக் குடிக்கிற நேரம் ஆகும்.
கண்ணிமைப்பதற்குள் வந்து நின்றாள்,
நானூறு மடங்கு பெரிய மூக்கோடு.
பத்து வருசமாவது கண்ணாடி போட்டிருப்பாள்.
அத்தனை ஆழம்.
எவ்வளவோ படித்திருக்கிறாள் அந்தப் பள்ளத்தில்.

இடது பக்கத்தை அழித்தேன்.
வலது பக்கம் அப்படியே கிடக்கிறது.
அம்மாக்காரி கேட்டால்
லைட்டு விழுந்த விதம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஒன்றரை மணிக்கு அணைக்கப் போகுமுன்
கேபினெட்டில் புறங்கையை வைத்துப் பார்த்தேன்,
காய்ச்சல் பார்ப்பதுபோல.
சூடு சரியாகத்தான் இருந்தது.
விரலிடுக்கில் அந்தச் சாம்பல் பசை
இரண்டு தடவை சோப்புப் போட்டும் போகவில்லை.

அந்த மூன்றும் உள்ளேதான் இருக்கின்றன.